மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்

படபடப்பு, நெஞ்சுவலி, விரல் மரத்துப்போதல், தொண்டை அடைப்பு என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதிவிட்டுப் பின்குறிப்பாக ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: நண்பரின் மருந்துச் சீட்டில் வாங்கிய, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை நான்கு மாதங்களாக விழுங்குவதாகவும், 0.25 மில்லிகிராமில் தொடங்கியது நாளொன்றுக்கு 1.5 மில்லிகிராம் ஆகிவிட்டதாகவும், அடிமையாகிவிடுவோமோ என்று அஞ்சி வரும் திங்கட்கிழமை அதை அடியோடு நிறுத்தப்போவதாகவும். எனக்குக் கவலை தருவது இந்தப் பின்குறிப்பு மட்டும்தான்.

இந்த மாத்திரை, மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது. வாரக்கணக்கில் தொடரும்போது மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதால் பழைய அளவு போதாமல் போகிறது. அந்நிலையில் திடீரென நிறுத்தினால், அடக்கிவைத்த கிளர்ச்சி தூக்கமின்மையாகவும் நடுக்கமாகவும் முன்பைவிடக் கடுமையான பதற்றமாகவும், சிலருக்கு வலிப்பாகவும் வெடிக்கும். ஆகவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் சென்று, உட்கொள்ளும் உண்மையான அளவை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அதை வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைப்பார். அதுவரை மதுவைத் தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். இடையில் மாத்திரை தீர்ந்துபோய்க் கடும் நடுக்கமோ மனக்குழப்பமோ வலிப்போ ஏற்பட்டால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இதய நோயோ என்ற உங்கள் அச்சத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இரண்டு இ.சி.ஜி., ஒரு எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), தைராய்டு பரிசோதனை அனைத்தும் இயல்பாக இருக்கின்றன. மாடிப்படி ஏறும்போது வராத நெஞ்சுவலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு அரை மணி நேரத்தில் அடங்குகிறது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சுவிடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன, அவ்வளவே. மூன்றாவது எக்கோ எடுக்கவும், நள்ளிரவில் இணையத்தில் நோய்ப்பெயர் தேடவும் செலவிடும் நேரத்தில் தூங்கலாம்.

'பைத்தியம் பிடித்துவிடுமோ' என்று எழுதி அடித்திருக்கிறீர்கள்; அடித்தலுக்கு அடியில் நன்றாகவே படிக்க முடிகிறது. பிடிக்காது. உங்களுக்கு வருவது பீதித் தாக்கம் (panic attack); அது ஆபத்து இல்லாதபோது ஒலிக்கும் அபாயமணி. அதைக் காட்டிலும் உங்களை முடக்குவது, அது மீண்டும் வருமோ என்று மின்தூக்கியையும் கூட்டத்தையும் தவிர்ப்பதுதான். ஒவ்வொரு தவிர்ப்பும் அச்சத்துக்கு உரம் போடுகிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இந்தத் தவிர்ப்பைத்தான் குறிவைக்கிறது: அஞ்சும் இடத்துக்குப் படிப்படியாகச் சென்று, பதற்றம் தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்கப் பழக்குகிறார்கள்.

பீதியையும் பதற்றத்தையும் குறைக்கும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற மருந்துகளும் பரிந்துரைக்கப்படலாம். பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் ஆகும். முதல் சில நாட்களில் பதற்றம் சற்றுக் கூடவும் கூடும், அதற்காக விட்டுவிடாதீர்கள். இவை அல்பிரசோலம் போல அளவைக் கூட்டிக்கொண்டே போகத் தூண்டுபவை அல்ல; ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய கட்டாயமும் பெரும்பாலோருக்கு இல்லை, குணமான பின் சில மாதங்கள் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி மெல்லக் குறைத்து நிறுத்தலாம்.

மருத்துவரிடம் போகும்போது இணையத்திலிருந்து அச்சிட்ட தாள்களை வீட்டில் வைத்துவிட்டு, மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.