கவுன்சிலின் கடற்கரைக் காணி அறக்கட்டளைக்குப் போனால்: கேள்வி பதில்

கரையோரக் கவுன்சில் ஒன்று தன் காணியை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். நான் கவுன்சில் சொத்துப் பிரிவில் சட்டத்தரணியாக வேலை செய்பவள். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துச் சட்டத்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.

அக்கா, சனத்தின்ர காணியைக் கவுன்சில் ஒரு பவுணுக்குத் தூக்கிக் குடுக்கலாமோ?

நினைத்தபடி கொடுக்க முடியாது. 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், 123ஆம் பிரிவின்படி, நியாயமாகப் பெறக்கூடிய மிகச் சிறந்த விலைக்குத்தான் கவுன்சில் காணியைக் கைமாற்றலாம். குறைத்துக் கொடுப்பதென்றால் அமைச்சரின் சம்மதம் வேண்டும். ஆனால் 2003இல் அரசாங்கம் ஒரு பொதுச் சம்மதம் வழங்கியது. குறைக்கும் தொகை 20 இலட்சம் பவுணைத் தாண்டாமல், அந்தக் கைமாற்றம் பகுதியின் பொருளாதார, சமூக அல்லது சுற்றாடல் நலனுக்கு உதவும் என்று கவுன்சில் கருதினால், தனியாகப் போய்க் கேட்கத் தேவையில்லை.

வீடு கட்ட அனுமதி கிடைக்கவே வாய்ப்பில்லாத பாறைமுகட்டுப் புல்வெளிக்குச் சந்தையில் பெரிய விலை இராது. அதனால் அந்த ஒரு பவுண் பெரும்பாலும் சட்டத்துக்குள் அடங்கிவிடும். கூடவே தேநீர்க்கடையோ வாகனத் தரிப்பிடமோ போகிறதா என்று பாருங்கள். விலைமதிப்பு அறிக்கையில் சண்டை பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அறிவிக்க வேணும் எண்டு சட்டம் இல்லையா?

இருக்கிறது. மக்கள் உலாவும் திறந்தவெளியாக இருந்தால், உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் போட்டு, வரும் ஆட்சேபங்களைக் கவனத்தில் எடுத்த பிறகே கைமாற்றலாம். பத்திரிகை வாங்குவோர் குறைந்துவிட்ட காலத்தில் இது ஒரு மூலையில் கிடக்கும் சின்ன எழுத்து விளம்பரம். பலருடைய கண்ணில் படாது.

விளம்பரத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2023இல் உச்ச நீதிமன்றம் ஷ்ரூஸ்பரி விளையாட்டுவெளி வழக்கில் காட்டியது. அங்கே மக்களின் பொழுதுபோக்குக்காகச் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டிருந்த காணியை நகர சபை விளம்பரம் இல்லாமல் விற்றுவிட்டது. விற்பனை செல்லும், ஆனால் மக்களின் உரிமை காணியோடேயே ஒட்டிக்கொண்டு போனது என்றது நீதிமன்றம். வாங்கியவர் பெற்ற கட்டட அனுமதியும் இரத்தாயிற்று. ஆகவே இப்போது அறக்கட்டளையின் சட்டத்தரணிகளே அந்த விளம்பரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குவார்கள்.

நேஷனல் ட்ரஸ்டுக்குப் போனால் பிறகு அவை வித்துப்போடமாட்டினமோ?

நேஷனல் ட்ரஸ்ட் என்பது இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் பெரிய அறக்கட்டளை. 1907ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அமைப்புக்கு ஒரு விசேட அதிகாரம் தந்தது: ஒரு காணியைக் கைமாற்ற முடியாதது என்று அறிவிக்கலாம். அறிவித்த பின் விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. அரசாங்கம் கட்டாயமாக எடுக்க முயன்று ட்ரஸ்ட் மறுத்தால் விவகாரம் பாராளுமன்றத்தின் விசேட நடைமுறைக்குப் போகும். கவனியுங்கள்: அறிவித்த காணிக்குத்தான் இந்தக் கவசம். அவர்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு துண்டும் அப்படியல்ல. அறிவிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

(அவர்களுக்கு முதன்முதலில் வந்த சொத்தே கடலைப் பார்த்த மலைச்சரிவுதான். 1895இல் வேல்ஸின் பார்மத்தில் ஃபானி டால்பட் என்ற பெண்மணி கொடுத்த டினாஸ் ஓலைய்.)

மற்ற அறக்கட்டளைகளுக்கு இந்த அதிகாரம் கிடையாது. அப்போது பாதுகாப்பு முழுவதும் காணி உறுதிப்பத்திரத்தில் எழுதும் நிபந்தனைகளில்தான் தங்கியிருக்கும்.

நான் கவுன்சிலர். காணியையும் குடுத்து, மேல காசும் குடுக்கச் சொல்லினம். இது என்ன நியாயம்?

ஐயா, எரிச்சல் விளங்குகிறது. அவர்கள் பக்கத்தையும் பாருங்கள். வேலி, பாதை, மேய்ச்சல், இடிந்து விழும் பாறை ஓரத்துக்கு எச்சரிக்கைப் பலகை, காப்புறுதி, காவலரின் சம்பளம் எல்லாம் வருடாவருடம் வரும் செலவு. வருமானமில்லாத காணியை ஏற்றால் அது அறக்கட்டளையின் மற்ற இடங்களைத் தின்னும். பொறுப்பாளர்கள் அதற்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் நிரந்தரப் பராமரிப்பு நிதி கேட்கிறார்கள்.

அந்த நிதிக்குப் பதிலாகத் தரிப்பிட வருமானத்தைக் கொடுப்பது ஒரு வழக்கமான பேரம். என் கருத்தில் அது அவசரப்பட்டுச் செய்யக்கூடாத பேரம். இன்று கவுன்சிலுக்கு வரும் காசு நிரந்தரமாகப் போய்விடும். உள்ளூர்வாசிகளின் சலுகை அட்டையும் உறுதியில் எழுதப்படாவிட்டால் போய்விடும். நேஷனல் ட்ரஸ்ட் உறுப்பினர் அந்த அமைப்பின் தரிப்பிடங்களில் இலவசமாக நிறுத்தலாம் என்பதால், உறுப்பினரல்லாத ஊர்க்காரருக்குத்தான் அடி விழும். தரிப்பிடத்தைக் கவுன்சில் வைத்துக்கொண்டு, வருமானத்தில் ஒரு பங்கை குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொடுக்கலாமே என்று பேசிப் பாருங்கள்.

எங்கட வீடு பாறைக்குப் பக்கத்தில. அறக்கட்டளை கடலைத் தடுக்குமா?

அநேகமாக இல்லை. இன்றைக்குக் கவுன்சிலுக்கும் அந்தக் கடமை இல்லை: 1949ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் அதிகாரம்தான் தருகிறது, கட்டாயப்படுத்தவில்லை. எங்கே தடுப்பது, எங்கே விடுவது என்பது கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். சசெக்ஸின் பேர்லிங் கேப்பில் காணி நேஷனல் ட்ரஸ்டிடம்தான் இருக்கிறது. அங்கே தடுப்புச் சுவர் கட்டாமல், விளிம்புக்கு வந்த வீடுகளை இடித்து அகற்றுகிறார்கள். உங்கள் துண்டுக்குத் திட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வாசியுங்கள். உரிமையாளர் மாறினாலும் திட்டத்தில் எழுதியது மாறாது.

நாய் கூட்டிக்கொண்டு போகலாமா? கடற்கரைக் குடிலை என்ன செய்வினம்?

பொதுப் பாதையும் இங்கிலாந்துக் கரையோரப் பாதையும் உரிமையாளர் மாறுவதால் போய்விடாது. நாய்க் கட்டுப்பாடு கவுன்சிலின் ஆணையாக இருந்தால் அது தொடரும். குடிலுக்கு உங்களிடம் இருப்பது குத்தகையா, வருட அனுமதிப் பத்திரமா என்று பாருங்கள். குத்தகை என்றால் புது உரிமையாளரையும் கட்டுப்படுத்தும். அனுமதிப் பத்திரத்தை அப்படி நம்ப முடியாது.

கைமாத்தாமலே காக்க வழி இல்லையா?

உண்டு, 2022 செப்டம்பர் 30இலிருந்து. 2021ஆம் ஆண்டின் சுற்றாடல் சட்டத்தின் கீழ், கவுன்சில் காணியைத் தானே வைத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்யலாம். பதிவு செய்தால் அடுத்த உரிமையாளரையும் அது கட்டும். நீண்ட குத்தகை இன்னொரு வழி. நிபந்தனையை மீறினால் காணியைத் திருப்பி எடுக்க இடமுண்டு. கரையோர நகரமான ஈஸ்ட்போர்னின் கவுன்சில் 1926இல் தனிச் சட்டமே பெற்று, பீச்சி ஹெட் பாறைமுனை உட்பட்ட மேட்டுநிலத்தைக் கட்டடக்காரரிடமிருந்து காக்க வாங்கியது. அங்குள்ள பண்ணைகளை விற்கும் யோசனையை எதிர்ப்புக்குப் பிறகு 2017இல் கைவிட்டது. ஆகவே கவுன்சில் கையில் இருந்தாலே பத்திரம் என்றும் சொல்லமாட்டேன்.

கூட்டத்துக்கு முதல் என்ன கேட்டு வாங்க வேணும்?

மூன்று தாள்கள்: விலைமதிப்பு அறிக்கை, பத்திரிகை விளம்பரம், எல்லை காட்டும் வரைபடம். வரைபடத்தில் சிவப்புக் கோடு கடல் பக்கம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அலை ஏறி இறங்கும் கரையில் ஏறக்குறைய பாதி, முடிக்குரிய சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தம். கவுன்சில் அதைக் குத்தகைக்கு மட்டும் வைத்திருக்கலாம். அப்படியானால் அவர்களின் சம்மதமும் வேண்டும். முடிவு வந்த பிறகு நீதிமன்றம் போவதென்றால் தாமதிக்கக்கூடாது. மூன்று மாதம் என்பது கடைசி எல்லை. அதற்குள்ளும் இழுத்தடித்தால் வழக்கை ஏற்காமல் விடலாம்.