டெஸ்ட் எல்லாம் பாஸ் என்றால் பணத்தைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் செயலியில் லாகின், பாஸ்வேர்டு மாற்றம், கணக்கு நீக்கம் எல்லாவற்றுக்கும் வெளி நிறுவனம் ஒன்று தானியங்கி டெஸ்ட் எழுதித் தந்திருக்கிறது. எல்லாம் பாஸ், கவரேஜ் 95 சதவீதம் என்கிறார்கள். எனக்கு கோடிங் தெரியாது. கடைசித் தவணையைக் கொடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். டெஸ்ட் ஓடும்போது புரோகிராமில் எந்தெந்த வரிகள் ஓடின என்பதுதான் கவரேஜ், கிடைத்த விடை சரியா என்று யாராவது பார்த்தார்களா என்பதை அது சொல்லவே சொல்லாது. கணக்கை நீக்கச் சொல்லிவிட்டு, சர்வரிடமிருந்து 200, அதாவது ‘சரி, முடிந்தது’ என்ற குறியீடு பதிலாக வந்ததுமே பாஸ் போட்டுவிட்டுப் போகிற டெஸ்ட்டை நிறையப் பார்க்கிறேன். அதே ஆள் மறுபடி லாகின் செய்ய முடிகிறதா, இன்னொரு ஃபோனில் லாகின் செய்து திறந்திருந்த செஷன் மூடியதா, ஒன்றையும் பார்த்திருக்காது. அதற்கும் 95 வரும்! ஒப்பந்தத்திலேயே சதவீதத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் எப்போதுதான் ஒழியுமோ தெரியவில்லை, எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் தயாரித்துத் தருவார்கள்.

கோடிங் தெரியாமலே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவர்களை உட்காரவைத்து, புரோகிராமின் நகல் ஒன்றில், பாஸ்வேர்டு ரீசெட் லிங்க்கை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் வரியை எடுக்கச் சொல்லுங்கள். டெஸ்ட்டை ஓட்டினால் ஒன்றாவது சிவப்பாக வேண்டும், அதாவது தோற்க வேண்டும். எல்லாம் பச்சையாகவே இருந்தால் அந்தத் தடையை எந்த டெஸ்ட்டும் காவல் காக்கவில்லை. எதை உடைப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள், அவர்களிடம் விட்டால் தெரிந்த இடத்தைத்தான் உடைப்பார்கள்.

அப்புறம், எந்த ஆளாக லாகின் செய்து டெஸ்ட் ஓடுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அட்மின்! அட்மினுக்கு எல்லாமே அனுமதி, ஒரு சாதாரணப் பயனர் இணைய முகவரியில் (URL) இருக்கும் கணக்கு எண்ணை மாற்றி அடுத்தவர் கணக்கைத் திறந்துவிடும் ஓட்டை அதில் தெரியவே தெரியாது. மென்பொருள் பாதுகாப்புக்கான லாப நோக்கற்ற அமைப்பான ஓவாஸ்ப் (OWASP) 2021-இல் வெளியிட்ட முக்கியப் பாதுகாப்பு ஆபத்துகளின் பட்டியலில் முதலிடம் இந்த வகை அனுமதிக் கோளாறுக்குத்தான்.

மெயில் அனுப்பும் இடத்தில், அனுப்பியதுபோல் நடிக்கும் போலிச் சேவை வைத்திருந்தால் பதற வேண்டாம், அது சரிதான். ஒவ்வொரு முறையும் நிஜ மெயில் அனுப்பினால் டெஸ்ட் இழுக்கும், காரணமில்லாமல் தோற்கும். ஆனால் டேட்டாபேஸையும் போலியாக வைத்துவிட்டு, ஒரே மெயிலில் இரண்டு கணக்கு திறக்க முடியாது என்று நிரூபித்துவிட்டதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் பதிவு செய்தாலும் ஒருவரை மறிப்பது நிஜ டேட்டாபேஸில் இருக்கும் தடை, போலி சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லும்.

ஓட்டாமல் ஸ்கிப் செய்த டெஸ்ட்களின் பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் தவணையைப் பற்றிப் பேசுங்கள்.