நீக்குவோம் என்றார்கள், மாற்று எங்கே?

கேள்வி: ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அதை எதிர்த்த குடியரசுக் கட்சியினரைக் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். சட்டங்களை எதிர்ப்பது எதிர்க்கட்சியின் கடமைதானே? பதினைந்து ஆண்டுகளாகியும் எதிர்ப்பு ஓயவில்லை, எதிர்த்தவர்களை மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தும் இருக்கிறார்கள் என்றால், கோளாறு அந்தச் சட்டத்தில்தான் இருக்க வேண்டும் அல்லவா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: எதிர்ப்பது கடமை என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அவர்கள் எதிர்த்தார்கள் என்பதற்காக நான் அவர்களைக் குறை சொல்லவில்லை; ‘நீக்கிவிட்டு வேறொன்று தருவோம்’ என்று ஏழாண்டுகள் வாக்குக் கேட்டுவிட்டு, ஆட்சி கைக்கு வந்தபோது தருவதற்கு எதையும் வைத்திருக்கவில்லை என்பதற்காகவே சொன்னேன். கோடிக்கணக்கானவர்களின் வைத்தியச் செலவு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இது சிறிய தவறு ஆகாது.

முதலில், எதை எதிர்த்தார்கள் என்று பாருங்கள். 2010 மார்ச் 21 அன்று பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்ற வாக்கு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியபோது, குடியரசுக் கட்சியிலிருந்து ஒரே ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஒபாமாவின் சொந்தக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்தார்கள். ‘எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும்’ என்ற விதிதான் குடியரசுக் கட்சியினரை அதிகம் கொதிக்க வைத்தது. தனிமனித சுதந்திரத்தின் மீது அரசு கை வைப்பதாக முழங்கினார்கள். ஆனால் அந்த விதி பிறந்தது இடதுசாரிகளின் வீட்டில் அல்ல. 1989இல் அதை முன்மொழிந்தது ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்ற பழைமைவாதச் சிந்தனைக் கூடம். 1993இல், கிளின்டனின் திட்டத்துக்கு மாற்றாக, குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் சேஃபி கொண்டுவந்த மசோதாவிலும் அது இருந்தது. 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்ட ஆளுநர் மிட் ராம்னி, 2012இல் அதே கட்சியின் அதிபர் வேட்பாளர். ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளலாம், அதில் இழுக்கு இல்லை. ஏன் மாற்றிக்கொண்டோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அந்த விளக்கம் கடைசிவரை வரவில்லை.

அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே நோய் உள்ளவர் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனங்கள் யாரையும் தட்டிக்கழிக்கக் கூடாது, நோயாளி என்பதற்காகக் கூடுதல் பிரீமியம் கேட்கவும் கூடாது என்று சட்டம் சொன்னது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், நோய் வந்த பிறகு காப்பீடு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். பிரீமியம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே எல்லோரும் சேர வேண்டும் என்றார்கள். சேரச் சொன்னால் வசதியில்லாதவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்பதால் மானியம் தந்தார்கள். முக்காலியின் மூன்று கால்கள் போன்ற ஏற்பாடு இது. முதல் காலை எல்லோருக்கும் பிடித்திருந்தது. மற்ற இரண்டையும் ஒடிப்போம் என்று சொன்னவர்களிடம்தான் முக்காலி எப்படி நிற்கும் என்று கேட்க வேண்டியிருந்தது. (2019 முதல் அபராதம் பூஜ்யமாக்கப்பட்ட பிறகும், மானியத்தின் பலத்தில் சந்தை நிலைத்து நின்றது. அபராதம் இல்லாவிட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் சொன்னதும் மிகை என்று தெரிந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.)

அடுத்து, எதிர்த்த விதம். 2009 கோடையில் நடந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரதிநிதிகள் சபையின் வரைவு மசோதாவில் ஒரு சிறிய பிரிவு இருந்தது. மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டில் உள்ளவர், விரும்பினால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் மருத்துவரோடு உட்கார்ந்து, நினைவு தப்பிவிட்டால் தமக்காக யார் முடிவெடுப்பது, சுவாசக் கருவியில் எவ்வளவு நாள் வைத்திருப்பது என்பனவற்றைப் பேசிக்கொள்ளலாம். அந்த நேரத்துக்கான கட்டணத்தை மருத்துவருக்கு மெடிகேர் கொடுக்கும். அவ்வளவுதான் அதில் இருந்தது. வயதான பெற்றோரைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்து பார்த்த எவருக்கும் இந்தப் பேச்சின் அருமை தெரியும். இதைத்தான் அந்த ஆகஸ்டில், முந்தைய ஆண்டு குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் ‘மரணக் குழு’ என்று எழுதினார். யார் வாழலாம், யார் சாகலாம் என்று அரசு அதிகாரிகள் தீர்மானிக்கப் போகிறார்கள் என்ற பீதி நாடெங்கும் பரவியது. பிரிவு கைவிடப்பட்டது. அதே கட்டணத்தை 2016 முதல் மெடிகேர் சத்தமில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. எந்தக் குழுவும் யாரையும் சாகச் சொல்லவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில், பேச வேண்டியதைப் பேசாமல் போன குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

அதே கோடையில் தென் கரோலினாவில் ஒரு பொதுக்கூட்டத்தில் ஒரு முதியவர் எழுந்து, தம் மெடிகேர் மீது அரசு கை வைக்கக் கூடாது என்று குடியரசுக் கட்சி உறுப்பினர் பாப் இங்லிஸிடம் சொன்னார். மெடிகேரை நடத்துவதே அரசுதான் ஐயா என்று இங்லிஸ் பொறுமையாக விளக்கியும் அவர் ஏற்கவில்லை. அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்பதைப் பறிக்கப் போகிறார்கள் என்று நாள் முழுக்கக் காதில் ஓதப்பட்ட மனிதர் அவர். விளக்கம் சொன்ன இங்லிஸ் அடுத்த ஆண்டு தம் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார்.

சட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ‘உங்களுக்குப் பிடித்த காப்பீட்டை நீங்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒபாமா பலமுறை உறுதியளித்தார். 2013இல் லட்சக்கணக்கானவர்களுக்கு அவர்களது பழைய காப்பீடு ரத்தாகிறது என்று கடிதம் வந்தது. அந்த வாக்கு பொய்த்தது, அவரும் பிறகு வருத்தம் தெரிவித்தார். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று திறந்த அரசு இணையதளம் முதல் நாளிலிருந்தே முடங்கியது. இவற்றைவிடப் பெரிய குறை, மானியம் ஒரு வருமான அளவோடு சட்டென்று நின்றுபோனது: தனி நபருக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 46,000 டாலர். அதற்கு ஓர் அடி மேலே சம்பாதித்த தச்சரும் சிறு கடைக்காரரும் முழு பிரீமியத்தையும் தாங்களே சுமந்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஒரு பொறுப்பான எதிர்க்கட்சிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? இந்த இடத்தில் சட்டத்தைத் திருத்துங்கள் என்று அவர்கள் மன்றாடியிருந்தால் நான் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் அவர்கள் கேட்டது திருத்தம் அல்ல, முழு நீக்கம். 2013 அக்டோபரில், சட்டத்துக்கு நிதி தரக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, கூட்டாட்சி அரசையே 16 நாட்கள் முடக்கினார்கள்.

2016 ஜனவரியில் நீக்க மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி ஒபாமாவின் மேசைக்குப் போனது, அவர் நிராகரித்தார். நிராகரிப்பார் என்று தெரிந்திருந்ததால் மாற்று என்ன என்ற கேள்வி யாருக்கும் உறுத்தவில்லை. 2017இல் அதிபர் பதவியும் இரு அவைகளும் அவர்கள் கையில். மே 4 அன்று பிரதிநிதிகள் சபை 217க்கு 213 என்ற கணக்கில் தன் மசோதாவை நிறைவேற்றியபோது, அதன் இறுதி வடிவத்தால் எத்தனை பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்ற நாடாளுமன்ற நிதிநிலை அலுவலகத்தின் மதிப்பீடு வந்திருக்கவில்லை. பின்னர் வந்தது: 2026க்குள் 2 கோடியே 30 லட்சம் பேர்.

செனட்டில் ஜூலை 28 நள்ளிரவுக்குப் பிறகு நடந்த வாக்கெடுப்பை, ஜான் மெக்கெயின் கட்டைவிரலைக் கீழே சாய்த்த காட்சியாகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்குச் சில மணி நேரம் முன்பு மெக்கெயின் உள்ளிட்ட குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலர் செய்தியாளர்களை அழைத்துச் சொன்னதுதான். தாங்கள் வாக்களிக்கப் போகும் மசோதா அப்படியே சட்டமாகாது என்று பிரதிநிதிகள் சபை உறுதி தந்தால்தான் ஆதரிப்போம் என்றார்கள்! சட்டமாகிவிடுமோ என்று அஞ்சிக்கொண்டே ஒரு மசோதாவை நிறைவேற்ற முனைந்த சபையை என்னவென்று சொல்வது? 49க்கு 51 என்று அது தோற்றது. மெக்கெயினோடு அதே கட்சியின் சூசன் காலின்ஸ், லிசா முர்கவ்ஸ்கி ஆகிய இருவரும் எதிர்த்து வாக்களித்தார்கள். தொடக்கத்திலிருந்தே உறுதியாக நின்றவர்கள் அந்த இரு பெண்கள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2024 செப்டம்பர் விவாத மேடையில் மாற்றுத் திட்டம் எங்கே என்று கேட்கப்பட்டபோது, ஒரு திட்டத்துக்கான கருத்துகள் தம்மிடம் இருப்பதாக டிரம்ப் சொன்னார். சட்டம் வந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உச்ச நீதிமன்றத்தில் மூன்று முறை மோதினார்கள். 2012, 2015, 2021 மூன்றிலும் சட்டம் தப்பியது. ஆனால் 2012 தீர்ப்பு ஓர் இடத்தில் சட்டத்தை வெட்டியது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்காத மாநிலங்களுக்குப் பழைய நிதியையும் நிறுத்துவோம் என்று மிரட்டக் கூடாது என்றார்கள் நீதிபதிகள் எழுவர். விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பமானது. முதல் மூன்றாண்டுகள் முழுச் செலவையும், பிறகு படிப்படியாகக் குறைந்து 90 விழுக்காட்டையும் மத்திய அரசு ஏற்கும் என்ற நிலையிலும், டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா உட்பட 10 மாநிலங்கள் இன்றுவரை முழு விரிவாக்கத்தை ஏற்கவில்லை.

இதன் விளைவை ஒரு கணக்காகச் சொல்கிறேன். 2014இல் டெக்சாஸில் பிள்ளைகள் இல்லாத, தனியாக வாழும் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு 12,000 டாலர் சம்பாதித்தால், மானியம் போக மாதம் 20 டாலர் அளவில் அவருக்கு ஒரு நடுத்தரக் காப்பீடு கிடைத்தது. அவர் பக்கத்து வீட்டுக்காரர் 11,000 டாலர் சம்பாதித்தால் அவருக்கு ஒன்றும் கிடையாது. மானியம் வறுமைக் கோட்டில் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களை மெடிகெய்ட் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் சட்டத்தை எழுதினார்கள். டெக்சாஸின் மெடிகெய்ட்டோ, ஊனமோ பிள்ளைகளோ இல்லாத வேலை வயதினரை, அவர்கள் எவ்வளவு ஏழையானாலும், சேர்ப்பதில்லை. அதிகம் இருப்பவருக்கு உதவி உண்டு, குறைவாக இருப்பவருக்கு இல்லை. எழுதியவர்கள் நினைக்காத இந்தப் பள்ளத்தை மூட மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு தீர்மானம் போதும். ஒபாமாவின் பெயர் ஒட்டிய ஒன்றை ஏற்றதாக ஆகிவிடக் கூடாது என்பதைத் தவிர வலுவான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. பத்து விழுக்காடும் சுமைதான் என்கிறார்கள். அதே சுமையை ஏற்று நடத்தும் மாநிலங்கள் 40 இருக்கின்றன.

2021இல் தற்காலிகமாகக் கூட்டப்பட்ட மானியம், நான் மேலே சொன்ன அந்த 46,000 டாலர் சுவரையும் உடைத்தது. 2025 அக்டோபரில் அதை நீட்டிக்கக் கோரி, இம்முறை ஜனநாயகக் கட்சியினர் வாக்கு மறுக்க, அரசு 43 நாட்கள் முடங்கியது. நீட்டிப்பு கிடைக்காமலே முடக்கம் முடிந்தது. ஆண்டு இறுதியில் கூடுதல் மானியம் காலாவதியானது. தச்சரும் கடைக்காரரும் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறார்கள். அரசை முடக்குவது யார் செய்தாலும் எனக்கு உவப்பானதல்ல.

மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்களே என்று கேட்டீர்கள். ஒரு தேர்தலில் மக்கள் துப்பாக்கி, வரி, எல்லை, மதம் எனப் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே வாக்கு போடுகிறார்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் தனியாகப் பிரித்து அவர்கள் முன் வைத்த இடங்களும் உண்டு. மெடிகெய்ட் விரிவாக்கம் வேண்டுமா, வேண்டாமா என்று 2018இல் ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா, 2020இல் ஓக்லஹோமா, மிசூரி, 2022இல் தெற்கு டகோட்டா மாநிலங்களில் நேரடி வாக்கெடுப்பு நடந்தது. ஆறும் டிரம்பைத் தேர்ந்தெடுத்த மாநிலங்கள். ஆறிலும் வேண்டும் என்பதே வென்றது. ஓக்லஹோமாவில் மயிரிழையில், ஐடஹோவில் சுமார் 60 விழுக்காடு ஆதரவோடு. டெக்சாஸில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி இப்படி ஒரு கேள்வியை மாநில வாக்குச்சீட்டில் ஏற்றச் சட்டத்தில் வழியே இல்லை. அந்த 11,000 டாலர் தொழிலாளியின் அண்டை அயலாரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.