பாதி விலை பிராட்வே டிக்கெட்: வரிசையில் நிற்கலாமா?

கேள்வி: செப்டம்பரில் நியூஜெர்சியில் உள்ள மகன் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்து நியூயார்க்கில் ஒரு பிராட்வே இசை நாடகமாவது பார்த்துவிட ஆசை. இணையத்தில் டிக்கெட் 200 டாலருக்கு மேல் காட்டுகிறது. டைம்ஸ் ஸ்கொயரில் பாதி விலைக்குத் தருகிறார்களாமே, நம்பிப் போகலாமா? மனைவிக்கு முட்டிவலி வேறு.

பதில்: தாராளமாக நம்பலாம். 47ஆவது தெருவில் சிவப்புப் படிக்கட்டின் அடியில் இருக்கும் டிகேடிஎஸ் கவுண்டர் 1973 முதல் இயங்குகிறது. ஆனால் அங்கே கிடைப்பது விற்காமல் மிஞ்சிய இருக்கைகள். இன்ன நாடகம்தான் வேண்டும் என்று போனால் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். முட்டிவலியோடு அந்த வரிசையில் நிற்பதும் சிரமம்.

உங்களுக்கு நான் சொல்வது, நாடகம் நடக்கும் தியேட்டரின் கவுண்டர். பிராட்வே என்று பெயரே தவிர, 41 தியேட்டர்களில் பெரும்பாலானவை அந்தச் சாலையில் இல்லை. 41 முதல் 54ஆவது தெரு வரையிலான குறுக்குத் தெருக்களில் இருக்கின்றன. நியூஜெர்சி பேருந்துகள் வந்து நிற்கும் போர்ட் அத்தாரிட்டி நிலையம் 42ஆவது தெருவில்தான். மகன் முன்கூட்டியே ஒருநாள் போய் வாங்கிவிட்டால் இணையத்தில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் பிடிக்கும் சேவைக் கட்டணம் மிச்சம். விமான டிக்கெட் மாதிரி இங்கும் கிராக்கிக்கு ஏற்ப விலை ஏறி இறங்கும். சனி இரவைத் தவிர்த்து, செவ்வாய், புதன் பாருங்கள். செப்டம்பரில் வழக்கமாக 'பிராட்வே வீக்' என்று ஒன்றின் விலைக்கு இரண்டு தருவார்கள். அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் மறுவிற்பனைக்காரர்களின் விளம்பரம். நானே ஒருமுறை அவசரத்தில் அப்படி வாங்கி, பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்ததைவிட இரண்டு மடங்கு கொடுத்தேன். நாடகத்தின் சொந்த இணையதளத்திலிருந்து உள்ளே போனால் இந்த வம்பு இல்லை.

இனி இருக்கை. லைசியம் தியேட்டர் 1903இல் கட்டியது. அந்தக் காலத்துத் தியேட்டர்களில் மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும், கால் நீட்டவும் இடம் இருக்காது. 'ஆர்கெஸ்ட்ரா' என்று கேளுங்கள். இசைக்குழு இல்லை, தரைத்தளத்துக்கு அங்கே அதுதான் பெயர். அதிலும் நடைபாதை ஓரம். 1970களில் கட்டிய கெர்ஷ்வின், மின்ஸ்காஃப் தியேட்டர்கள் இரண்டிலும் நகரும் படிக்கட்டு உண்டு.

மின்ஸ்காஃபில் ஓடும் 'லயன் கிங்'கை நான் முதலில் சொல்வேன். கதை தெரிந்ததுதான், ஆங்கிலம் வேகமாகப் போனாலும் கவலையில்லை. தொடக்கத்தில் யானையும் பறவைகளும் பார்வையாளர் நடுவே நடைபாதை வழியாகத்தான் மேடைக்குப் போகும். நம்மூர் சபாவில் பத்து நிமிடம் தாமதமாகப் போனாலும் இருட்டில் தடவி உட்கார்ந்துவிடலாம். இங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். யானை போன பிறகுதான் உள்ளே விடுவார்கள்.