சூறைக்குருவிகளுக்குத் தலைவன் உண்டா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற தை மாதம் திருநெல்வேலிக்கு அருகே ஒரு குளக்கரையில், அந்திநேரத்தில் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் ஒரே உடல்போல வளைந்து திரும்புவதைக் கண்டேன். முன்னால் பறக்கும் தலைமைப் பறவையின் சைகைக்கு மற்றவை கட்டுப்படுகின்றன என்றார் உடன்வந்த நண்பர். அது சரியா? அப்படிப் பறப்பதால் அவற்றுக்கு என்ன பயன்?

ம.

அன்புள்ள ம.,

தலைமைப் பறவை என்று ஒன்று இல்லை. கூட்டம் திரும்பும்போது முன்னால் இருந்தவை பக்கவாட்டுக்குச் சென்றுவிடுகின்றன என்பதால், முன்வரிசை என்ற இடமே எந்தப் பறவைக்கும் நிலையாகக் கிடைப்பதில்லை. இங்கிலாந்துப் பறவை நோக்கர் எட்மண்ட் செலூஸ் பல ஆண்டுகள் தேடியும் ஆணையிடும் பறவையைக் காணாமல், எண்ணம்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறதோ என்ற ஐயத்தை 1931இல் ஒரு நூலாகவே எழுதினார். அவருடைய விளக்கத்தை இன்று யாரும் ஏற்பதில்லை என்றாலும், அவர் அந்த விளக்கத்துக்குத் தள்ளப்பட்ட காரணம் எனக்குப் புரிகிறது.

1987இல் கணினி வல்லுநர் கிரெய்க் ரெனால்ட்ஸ் கணினித்திரையில் பறவைக்கூட்டத்தை உருவாக்கிக் காட்டினார். அண்டை பறவையோடு மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே என்ற மூன்று விதிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன. ஆனால் திரையில் பொருந்துவது வானத்திலும் பொருந்தும் என்று கொள்ள முடியாதல்லவா? உண்மையான கூட்டத்தை அளக்கும் வேலை ரோம் நகரில் நடந்தது. குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும் ஸ்டார்லிங் பறவைகள், சூறைக்குருவியைப் போலவே மைனா குடும்பத்தைச் சேர்ந்தவை. பகலில் நகருக்கு வெளியே வயல்களில் மேய்ந்துவிட்டு அந்தியில் நகர மரங்களுக்குத் திரும்புபவை. ஆந்திரேயா கவாஞ்ஞா, இரேனே ஜார்தீனா முதலிய இயற்பியலாளர்கள் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தின் மாடியில் கேமராக்களை இடைவெளிவிட்டு நிறுத்தி ஒரே கணத்தில் படமெடுத்தார்கள். ஒரு படத்திலுள்ள கரும்புள்ளி மற்றொரு படத்தில் எந்தப் புள்ளி என்று ஆயிரக்கணக்கான பறவைகளுக்குப் பொருத்திப் பார்ப்பதுதான் பெரும்பாடு. பின்னர் 2021இல் வேறு பணிக்காக நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பரீசியும் அந்தக் குழுவில் இருந்தார்.

2008இல் வெளியான முடிவுகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒன்று. ஒவ்வொரு பறவையும் இத்தனை மீட்டருக்குள் இருப்பவை என்று பாராமல், தனக்கு மிக அருகிலுள்ள ஆறு அல்லது ஏழு பறவைகளையே, அவை எவ்வளவு தொலைவில் இருந்தாலும், கவனித்துப் பறக்கிறது. தொலைவுதான் கணக்கு என்றால், வேட்டைப்பறவை பாய்ந்து கூட்டம் சிதறும்போது ஓரத்துப் பறவைகளுக்கு அண்டையே இல்லாமல் போய்க் கூட்டம் உடைந்துவிடும். எண்ணிக்கை கணக்கானதால், இழுபட்டு மெலிந்த கூட்டமும் மீண்டும் சேர்ந்துகொள்கிறது. திருப்பமும் இப்படியே பரவுகிறது: ஒரு சில பறவைகளிடம் தொடங்கும் அசைவு அண்டையிலிருந்து அண்டைக்கு வலுக்குறையாமல் கடக்கிறது, அது கடக்கும் வேகத்தைக் கண் பிரித்தறிவதில்லை.

இனிப் பயன். வலசை வாத்துகளின் அம்புமுனை வரிசை காற்றின் உதவியைப் பெறுவதற்கானது. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நெருங்கிய கூட்டமாகப் பறப்பது உழைப்பைக் கூட்டவே செய்கிறது என்று புறாக்களைக் கொண்டு 2011இல் வந்த ஆய்வு காட்டியது. அந்தக் கூடுதல் உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது பாதுகாப்பு. பொரி வல்லூறு தனிப் பறவையைக் குறிவைத்துப் பிடிக்கும். இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆயிரம் பறவைகளுக்கு நடுவே ஒன்றைக் குறிவைப்பது அதற்குக் கடினம். ஸ்டார்லிங் கூட்டங்களைப் பற்றிப் பொதுமக்கள் அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், வேட்டைப்பறவை இருந்தபோது கூட்டங்கள் பெரிதாகவும் நெடுநேரம் நீடிப்பவையாகவும் இருந்தன. எல்லாப் பறவைகளும் ஒருசேர அடையும் மரத்தில் இறங்குவதும் அப்போது கூடுதலாக இருந்தது. அடுத்த முறை அந்தக் குளக்கரைக்குச் செல்லும்போது, கூட்டத்தைப் பார்க்கும் முன் அதற்கு மேலே வல்லூறு ஏதும் சுற்றுகிறதா என்று பாருங்கள்.