கூடப் போகிறவர்களின் கேள்விகள்

குடும்ப வன்முறையாலும் பாலியல் வன்முறையாலும் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் துணை நிற்கும் வேலையில் பதினான்கு வருடங்களாக இருக்கிறேன். இந்த வேலைக்கு வர நினைப்பவர்களும் புதிதாக வந்தவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) முடித்திருக்கிறேன். இந்த வேலைக்குச் சட்டம் படித்திருக்க வேண்டுமா? தினமும் என்ன செய்வீர்கள்? (திருநெல்வேலி வாசகி)

வேண்டாம். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்களில் ('சகி' மையம், ஒன் ஸ்டாப் சென்டர் என்றும் சொல்வார்கள்) வழக்குப் பணியாளர், ஆலோசகர் வேலைகளுக்கு சமூகப் பணியும் உளவியலும் படித்தவர்கள் வருகிறார்கள். கோர்ட்டில் வாதாட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலைத் தரும். பெண்ணுக்கு அதற்கு வருமான வரம்பே கிடையாது. இதைத் தெரியாமல் தாலிச் செயினை அடகு வைத்து ஃபீஸ் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலையில் பாதி காத்திருப்பதுதான். ஜி.எச். ஓ.பி. வரிசை, ஸ்டேஷன் பெஞ்ச், மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தா. அங்கே உதவி தேடி வந்தவளோடு உட்கார்ந்திருப்பீர்கள், குழந்தைக்கு பிஸ்கட் வாங்கித் தருவீர்கள், அடுத்து உள்ளே என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வீர்கள். நடந்ததை அவள் டாக்டரிடம் ஒரு தடவை, இன்ஸ்பெக்டரிடம் ஒரு தடவை, குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் ஒரு தடவை சொல்ல வேண்டியிருக்கும். தேதி வாரியாக எழுதி கையில் வைத்திருந்தால் அந்தத் தடவைகள் குறையும்.

சட்டம் படிக்கத்தான் வேண்டும், பட்டம் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பாடமாகவே தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால், மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதற்கான பழைய 498ஏ இப்போது 85-ஆம் பிரிவு. வருகிறவர்கள் இன்னும் 498ஏ என்றுதான் சொல்வார்கள், திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

நேற்று இரவு பாலியல் வன்முறை நடந்தது என்று ஒருவர் வந்து நிற்கிறார். முதலில் ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா? (விழுப்புரம்)

அவர் வேறு மாதிரி விரும்பினாலொழிய ஆஸ்பத்திரி. அரசு, தனியார் எதுவானாலும் இலவசமாக உடனடி சிகிச்சை தந்தாக வேண்டும், மறுப்பது குற்றம். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், அதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உடல் பரிசோதனை அவர் சம்மதித்தால் மட்டும்தான். அதை வேண்டாம் என்றாலும் சிகிச்சை உண்டு.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்டிருந்த துணியைத் துவைக்காமல் பேப்பர் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி தடயம் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டார் என்றால் "ஏன் குளிச்சே?" என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. இரு விரல் பரிசோதனை (பாலுறவுக்குப் பழகியவளா என்று பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) செய்பவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளி என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த டாக்டராவது ஆரம்பித்தால் நடுவே பேசுங்கள்.

மகளிர் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரவைத்து சமாதானம் பேசுகிறார்கள். என்ன செய்வது? (சேலம்)

1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, பெண் தயங்காமல் உள்ளே நுழைய ஓர் இடம் என்ற நம்பிக்கை இருந்தது. எத்தனையோ பெண்களுக்கு அது பலித்திருக்கிறது. ஆனால் அடித்தவனையும் அடிவாங்கினவளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து "குழந்தைங்க முகத்தைப் பாரும்மா" என்று சொல்லும் வழக்கமும் அங்கேயே வேர்விட்டது. அவன் எதிரே அவள் உண்மையைப் பேச மாட்டாள். தனியாக விசாரியுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, வழக்கு அல்ல. பாலியல் வன்முறைப் புகார் என்றால் எஃப்.ஐ.ஆர். போடாத அதிகாரிக்கே ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை கடுங்காவல் உண்டு. நடந்த இடம் எங்கள் ஸ்டேஷன் எல்லையில் இல்லை என்றும் தட்டிக்கழிக்க முடியாது. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

குடும்ப வன்முறை என்றால் போலீசை விட்டுவிட்டும் போகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் வழியாகவோ நேராகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு, அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் கதவு மூடிவிடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை.

டியூஷனுக்கு வரும் 16 வயதுப் பெண், சித்தப்பா தவறாக நடக்கிறார் என்று அழுதாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். (தஞ்சாவூர்)

அந்தச் சத்தியத்தை நீங்கள் காப்பாற்ற முடியாது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால், விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது போக்சோ சட்டம். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை தண்டனை.

இன்றே அவளிடம் பேசுங்கள். "நான் அவசரத்துல சத்தியம் பண்ணிட்டேன், அது என் தப்பு. இதை நான் சொல்லியாகணும். ஆனா உன்னைத் தனியா விடமாட்டேன்" என்று நேராகச் சொல்லுங்கள். கோபப்படுவாள், படட்டும். அவளுக்குத் தெரியாமல் போலீஸ் வாசலில் வந்து நிற்பதுதான் அவளை உடைக்கும்.

பிறகு அவளுக்கு என்னென்ன உரிமை என்று சொல்லுங்கள். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் கேட்கும் இடத்திலோ எடுக்கலாம். வருகிற போலீஸ் சீருடையில் வரக் கூடாது. இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அவள் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம், அது நீங்களாகவும் இருக்கலாம். கோர்ட்டில் சித்தப்பா முகத்தைப் பார்க்காமலே சாட்சி சொல்ல ஏற்பாடு உண்டு. வழக்கு முடியும்வரை கூட வர ஓர் ஆதரவு நபரை குழந்தைகள் நலக் குழு நியமிக்கும். அதே வீட்டில் சித்தப்பா இருக்கிறார் என்றால் முதல் போனிலேயே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இரவிலும் பேசலாம்.

இனி எந்தக் குழந்தை "ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாலும், கேட்பதற்கு முன்பே எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கணவனின் பாலியல் வற்புறுத்தல் குற்றமில்லையாமே? வந்தவளிடம் என்ன சொல்வது? (புதுச்சேரி)

மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் பாலியல் வல்லுறவுப் பிரிவு கணவனுக்குப் பொருந்தாது என்று இன்றைய சட்டம் இருக்கிறது. அது அநியாயம். ஆனால் குடும்ப வன்முறைச் சட்டம் பாலியல் கொடுமையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பாதுகாப்பு உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். "சட்டத்துல ஒண்ணும் முடியாதும்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். பல பேர் அதை வாய்விட்டுச் சொல்வதே வாழ்நாளில் ஒரு தடவைதான்.

மூன்று மாதம் அலைந்து ஒரு பெண்ணை விடுதியில் சேர்த்தேன். திரும்ப அடித்த கணவனிடமே போய்விட்டாள். ஏமாற்றப்பட்டது போல இருக்கிறது. (மதுரை)

முதல் வருடம் எனக்கும் இப்படி ஒருவர் இருந்தார். அவர் திரும்பிப் போகிறேன் என்றதும், "அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் வரவில்லை. அவருக்கு என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவள் ஏன் போகிறாள்? பிள்ளைக்குப் பரீட்சை, ரேஷன் கார்டு அவன் கையில், அம்மா வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், விட்டுப் போனால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறான். கடைசியைச் சாதாரண மிரட்டலாக நினைக்காதீர்கள், பிரிந்து போகும் நேரம்தான் ஆபத்து கூடுகிறது. அவனை நம்மைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். உங்கள் வாசல்வரை வந்தவள் அந்த 14-இல் ஒருத்தி. போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று நகலைப் பக்கத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அவன் போனை நோண்டுவான் என்றால் உங்கள் எண்ணைத் தையல்கடை என்று சேமிக்கச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181 மனப்பாடமாகட்டும். "எப்ப வேணா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் எப்போது கூப்பிட்டாலும் போனை எடுங்கள்.

நான் ஆண். இந்த வேலைக்கு வரலாமா? (கரூர்)

வரலாம். பாதிக்கப்பட்டவர் பெண் வேண்டும் என்றால் மனத்தாங்கல் இல்லாமல் விலகத் தெரிய வேண்டும். சிறுவர்களும் திருநர்களும்கூட வருகிறார்கள், அவர்களுக்கும் ஆள் போதவில்லை.

கேட்டதெல்லாம் ராத்திரி கண்ணை மூடினால் வருகிறது. நான் இதற்கு லாயக்கில்லையோ? (கோவை)

லாயக்கு என்பதால்தான் வருகிறது. ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள். எங்கள் குழுவில் வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம், அந்த வாரம் எந்த வழக்கு உள்ளே தங்கிவிட்டது என்பதை மட்டும் பேசுவோம். உங்கள் மையத்தில் அப்படி ஒன்று இல்லை என்றால், வாரம் ஒரு மணி நேரம் வேண்டும் என்று நாளைக்கே கேளுங்கள். சொந்த எண்ணைக் கொடுக்காமல் பணிக்கென்று ஒரு போன் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அது யாரிடம் இருக்கும் என்று முறை போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.