மூன்றாம் மாதமே மறந்துபோகும் ஆண்டு டார்கெட்: என்ன செய்யலாம்?

கேள்வி: மற்ற நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். 18 பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் "விற்பனை 20% கூட வேண்டும்" என்று டார்கெட் வைக்கிறோம். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதாந்திர மீட்டிங்கில் சாக்குப்போக்குதான் கேட்கிறேன். எங்கே தவறு? டார்கெட்டைப் பாதியில் குறைக்கலாமா?

பதில்: 20% என்பது பெரிய எண் என்று பயப்பட வேண்டாம். "முடிந்ததைச் செய்யுங்கள்" என்று விடுவதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தால் வேலை நன்றாக நடக்கும் என்று உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லாதம் இருவரின் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று வேலை செய்பவருக்கு அவ்வப்போது தெரிய வேண்டும். உங்களிடம் இல்லாதது அதுதான். எதைப் பார்ப்போம், எப்போது பார்ப்போம், விலகிப் போனால் என்ன செய்வோம் என்பதை டார்கெட் வைத்த அன்றே முடிவு செய்திருக்க வேண்டும்.

நீங்கள் மாதாமாதம் பார்ப்பது விற்பனைத் தொகையை. அது தாமதமாக வரும் செய்தி. ஒரு பேச்சுக்கு, கொட்டேஷன் கொடுத்து ஆர்டர் வர இரண்டு மாதம் ஆகிறது, நான்கு கொட்டேஷனுக்கு ஓர் ஆர்டர் அமைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12 ஆர்டர் வேண்டுமானால் 48 கொட்டேஷன் போக வேண்டும், வாரத்துக்கு 12. இன்று விற்பனை குறைந்திருந்தால் அதன் காரணம் இரண்டு மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அதை இப்போது மீட்டிங்கில் கேட்டால் சாக்கைத் தவிர வேறென்ன வரும்? வாரம் எத்தனை கொட்டேஷன் போகிறது என்று பார்த்திருந்தால் அப்போதே ஏதாவது செய்திருக்கலாம். உங்கள் பழைய பதிவேடுகளை எடுத்து இந்த விகிதங்களை முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு நாள் வேலைதான், மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கும்.

அப்புறம், ஒரு வாரம் 9, இன்னொரு வாரம் 15 என்று எண்ணிக்கை ஆடத்தான் செய்யும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் அவர் வேலையை விட்டுவிட்டு விளக்கம் தயாரிக்க ஆரம்பித்துவிடுவார். இயல்பான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை (எண்ணிக்கைகளைச் சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளிகளாகக் குறிக்கும் படம்) உருவாக்கினார். தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டில், தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தால் காரணம் தேட வேண்டும் என்றொரு விதி உண்டு. உங்களுக்கு எட்டு வாரம் காத்திருப்பது கட்டுப்படியாகாது. நான்கு வாரம் தொடர்ந்து 12க்குக் கீழே போனால் நடவடிக்கை என்று வையுங்கள். அந்த நடவடிக்கை என்ன என்பதையும் இப்போதே எழுதுங்கள்: நின்றுபோன பழைய வாடிக்கையாளர்களை யார் அழைப்பது, நீங்களே வாரத்தில் எத்தனை நாள் வெளியே போவது என்று.

பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்கட்டும். நல்ல இலக்குக்கு மேலாண்மை ஆலோசகர் ஜார்ஜ் டோரன் 1981இல் சொன்ன, SMART என்று சுருக்கி அழைக்கப்படும் ஐந்து அளவுகோல்களில் 'யார் செய்வார்' என்பதும் ஒன்று. பின்னாளில் பலரும் அதை 'எட்டக்கூடியதா' என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். 1954இல் மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் இலக்கு வழி நிர்வாகத்தைப் பற்றி எழுதியபோது, வேலை பற்றிய அளவீடுகள் முதலில் அந்த வேலையைச் செய்பவர் கைக்கே போக வேண்டும் என்றார். ஆகவே கொட்டேஷன் எண்ணிக்கையை விற்பனைப் பொறுப்பாளரே எழுதட்டும். எவ்வளவு விலை குறைக்கலாம் என்ற அதிகாரத்தையும் ஒரு வரம்புக்குள் அவரிடம் கொடுங்கள். மீட்டிங் அரை மணி நேரம் போதும். "ஏன் வரவில்லை" என்பதை விட்டுவிட்டு, "அடுத்த இரண்டு வாரத்தில் எதை மாற்றுகிறோம்" என்று கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒரே ஓர் எண்ணைப் பிடித்து அழுத்தினால் மனிதர்கள் அந்த எண்ணைத்தான் செய்து காட்டுவார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் விற்பனை இலக்கின் நெருக்கடியால், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே ஊழியர்கள் கணக்குகள் தொடங்கினார்கள். 2016இல் வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. உங்கள் இடத்தில் வாங்கவே மாட்டாதவருக்கும் கொட்டேஷன் பறக்கும். எண்ணிக்கையோடு எத்தனை ஆர்டராக மாறியது என்பதையும் சேர்த்தே பாருங்கள். போனஸை அந்த ஓர் எண்ணோடு கட்டாதீர்கள்.

சரி, டார்கெட்டைக் குறைக்கலாமா? எந்த அனுமானத்தில் 20% வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரிய வாடிக்கையாளர் தொடர்வார், புதிய இயந்திரம் நான்காம் மாதம் ஓடும் என்று நம்பியிருந்து அது பொய்த்துப்போனால், எல்லோருக்கும் காரணம் சொல்லி வெளிப்படையாகத் திருத்துங்கள். அனுமானங்கள் சரியாக இருந்தும் வேலை பின்தங்கினால் டார்கெட் நிற்கட்டும், வழியை மாற்றுங்கள். அனுமானங்களை எழுதி வைக்கவில்லை என்றால் விற்பனை, உற்பத்திப் பொறுப்பாளர்களோடு உட்கார்ந்து இந்த வாரமே எழுதுங்கள். கொட்டேஷன் எண்ணிக்கையை நான்கு வாரம் கவனியுங்கள். அதுவரை டார்கெட்டில் கை வைக்க வேண்டாம்.